டாக்டரிடம் நான் சொல்லாத காத்து

என் மகளுக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் அவளுடைய தொல்லைக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதுவரை ஊர் வைத்திருந்த பெயர் வேறு. அரிசியை உலையில் போட்டுவிட்டுக் குடத்தோடு தண்ணீருக்குப் போவாள். போன இடத்தில் குடத்தை விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வருவாள். கட்டிக்கொடுத்த வீட்டில் இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டியில் சாமான் அடுக்குகிற வேலை கிடைத்தது. அங்கேயும் மாற்றி மாற்றி அடுக்கி, இன்னொரு தடவை நடந்தால் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கூட வேலை செய்கிற பெண்தான் அவளைச் சென்னையில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போகச் சொன்னாள்.

நானும் கூடப் போனேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. புது ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

டாக்டரம்மா வெகுநேரம் அவளிடம் கேட்டார். பிறகு, "இது கவனம் ஒரு இடத்துல நிக்காத கோளாறு. பிறந்ததுல இருந்தே இருக்கு. சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினியா? திமிரு இல்லியாம்."

டாக்டரம்மா அவள் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். "இந்த மாத்திரை மனசை ஒரு இடத்துல நிறுத்தும். ஆனா இதயத்தைக் கொஞ்சம் வேகமா ஓட வைக்கும். அதனால கேக்கறேன். வீட்டுல யாருக்காவது இதய நோய் உண்டா? சின்ன வயசுல திடீர்னு யாராவது இறந்திருக்காங்களா?"

"நைனா ஏரியில போயிட்டாரு மேடம். எனக்கு அப்போ மூணு வயசு" என்றாள் மகள்.

"தண்ணியில முழுகியா?" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

என் வீட்டுக்காரர் முழுகவில்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனவர். முட்டளவு தண்ணீர், நல்ல வெயில் நேரம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தார் என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். கரைக்குத் தூக்கி வருவதற்குள் உயிர் இல்லை. காத்து அடித்துவிட்டது என்றார்கள். எங்கள் ஊரில் வீசுவதும் காத்துதான், ஆளை அடிக்கிற ஆவியும் காத்துதான். அவருடைய அண்ணனும் முன்னமே அப்படித்தான் விழுந்தார். அந்த வீட்டு ஆம்பிளைகளைக் காத்து விடாது என்று பேசிக்கொண்டார்கள். யாரும் நோய் என்று சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

அந்தக் குளிர்ந்த அறையில், படித்தவர் முன்னால், காத்து அடித்துச் செத்தார் என்று எப்படிச் சொல்வது? சிரிப்பாரோ என்று வெட்கமாக இருந்தது. ஒரு தலையாட்டலில் முடிந்தது.

டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். "காலையில சாப்பிட்டுட்டு ஒண்ணு. மறந்துட்டா சாயந்திரம் போடாதீங்க, தூக்கம் வராது. சேர்த்துப் போடக் கூடாது, வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. சளி, மூக்கடைப்புன்னு கடையில எது வாங்கினாலும், இந்த மாத்திரை போடறோம்னு சொல்லிட்டு வாங்குங்க. ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் ஏறும். நெஞ்சு படபடன்னு அடிச்சாலோ, மயக்கம் வந்தாலோ உடனே வரணும்."

ஐந்து மாதம் என் மகள் மனுஷியாக இருந்தாள். இப்படிச் சொல்வது தப்பு, முன்னாலும் அவள் மனுஷிதான். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கூடை இறாலையும் உரித்து முடித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா அப்படிப் பாக்கற? உன் பொண்ணுதான், ஆள மாத்திகினு வரல" என்று சிரித்தாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு மூக்கடைத்துக்கொண்டது. லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயந்தாள். நான் மருந்துக்கடைக்குப் போனேன்.

"வேற இன்னா மாத்திரை போடுது உன் பொண்ணு?" என்று கடைக்காரர் கேட்டார். அவர் சரியாகத்தான் கேட்டார். என் பின்னால் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி நின்றாள். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை என்று அவள் காதில் விழுந்தால், கிறுக்கு மாத்திரை என்று ஊருக்கே சொல்லிவிடுவாள்.

"ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

இரண்டு நாள் இரண்டையும் சேர்த்துப் போட்டாள். மூன்றாம் நாள் கம்பெனியில் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டே விழுந்துவிட்டாள்.

உயிர் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது, பரம்பரையாக வருவது, இதோடு அந்த மாத்திரை கூடாது, சளி மாத்திரை அதை இன்னும் கிளப்பிவிட்டது என்றார்கள். டாக்டரம்மா அங்கே வந்து, "உங்க வீட்டுக்காரர் உண்மையில எப்படிம்மா இறந்தார்?" என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன். முட்டளவு தண்ணீரையும், காத்தையும், அவருடைய அண்ணனையும்.

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா முதல்ல ஸ்கேன் எடுத்திருப்பேன், இதை எழுதியே இருக்க மாட்டேன். நானும் இன்னும் ரெண்டு கேள்வி கேட்டிருக்கணும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டியிருக்கலாம்.

மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இதயத்துக்கு வேறொன்று கொடுத்தார்கள். அது மனசை நிறுத்தாது. வேலை போய்விட்டது. முன்பு அவளுக்குத் தான் எப்படி இருக்கிறோம் என்று தெரியாது. இப்போது ஐந்து மாதம் வேறு மாதிரி இருந்து பார்த்துவிட்டாள்.

"அந்த மாத்திரையை ஒண்ணே ஒண்ணு குடும்மா, ஒரு நாளைக்கு" என்று கேட்கிறாள். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றால் நம்புவதில்லை. அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடுகிறாள்.

போன வாரம் என்னிடம், "நைனா எப்படித்தான் செத்தாரு? எங்கிட்ட நேரா சொல்லு" என்றாள். அவளை உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். இத்தனை வருடத்தில் முழுதாக யாரிடமும் நான் சொன்னதில்லை. அவர் அன்று காலையில் என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் இறங்கினார் என்று சொல்லி, நெஞ்சைப் பிடித்த இடத்துக்கு வந்தேன். அவள் கண் வாசல் பக்கம் போனது. யாரோ நண்டு விற்றுக்கொண்டு போனார்கள். எழுந்து போய்விட்டாள். அரை மணி கழித்து வந்து, "இன்னாமோ சொல்லிகினு இருந்தியே, இன்னாம்மா அது?" என்று கேட்டாள்.