என் முதுகும் ஊராரின் கலியாணத் திகதிகளும்

கலியாணத்துக்குச் சோறாக்குகிறவனுக்கு அடுப்புச் சூடு பழகிவிடும். சோறாக்கக் கூப்பிடுகிறவர்களின் வாய்தான் கடைசிவரை பழகாது.

விடிந்ததும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எழும்புவதா வேண்டாமா என்று யோசிக்கும் முதுகுவலிக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கல்முனைப் பக்கத்தில் இருபத்திரண்டு வருசமாகக் கிடாரம், அதுதான் பந்திச் சோறு வேகும் பெரிய அண்டா, தூக்குகிறேன். நாலு வருசமாக இடுப்பில் தொடங்கும் வலி வலது கால் வழியே இறங்குகிறது. மாத்திரை, பெல்ட், உடற்பயிற்சி எல்லாம் செய்து பார்த்தாயிற்று. கடைசியில் டொக்டர் என் வலது கால் பெருவிரலைத் தூக்கச் சொன்னார். தூக்கப் பார்த்தேன். அது எழும்பவில்லை.

"நரம்பு நசிபடுது. கால்ல பலம் குறையத் தொடங்கினா தள்ளிப் போடுறது நல்லமில்ல. ஒப்பரேசனுக்குத் திகதி தாறன். செய்யிறதா இல்லையா எண்டு நீங்கதான் முடிவெடுக்கணும்" என்றார். நான் முடிவெடுக்க வேண்டுமாம்! பாவம், அந்த மனிதருக்கு எங்கள் ஊரைத் தெரியாது.

படுக்கையில் கிடந்த மச்சான்

மருதமுனையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் ஹாஜியார், மகளின் கலியாணச் சாப்பாட்டைப் பேச வந்தார். டொக்டர் தந்த திகதி முடிந்து ஒரே கிழமையில் கலியாணம். "சலீம் ஆக்கித் தருவான்" என்றேன். சலீம் என்னோடு பத்து வருசமாக நிற்பவன், அண்ணன் முறையில் என்னைக் 'காக்கா' என்பவன், நல்ல கைப்பக்குவம் உள்ளவன். ஹாஜியாரின் முகம் சுருங்கியது. கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்தார்.

சாய்ந்தமருதில் அவருக்கு ஒரு மச்சானாம். முதுகில் ஒப்பரேசன் செய்து மூன்று வருசமாகப் படுத்த படுக்கையாம். மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கவும் ஆள் பிடிக்க வேண்டுமாம். போனை எடுத்து, அவர் முன்னாலேயே அந்தத் திகதி வேண்டாம் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன். மனிதர் நிம்மதியாக எழும்பி என் தோளைத் தட்டினார். "அல்லாஹ்வுக்காக முதுகுல கத்தி வைக்க மட்டும் உட்டுராதீங்க தம்பி. எறச்சி எத்தின கிலோ எண்டு நாளைக்குச் சொல்லி அனுப்புங்க."

இறக்காமத்துப் பத்து

என் மனைவி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கெஞ்சி இரண்டாவது திகதி வாங்கி வந்தாள். அது இறக்காமத்தில் பெரிய வயல்காரரான போடியாரின் கந்தூரி விருந்தோடு போய் மோதியது. யானை இந்தப் போகம் அவருடைய வயலை மிதிக்காமல் போனதற்காக நேர்த்தி வைத்த கந்தூரி. யானைக்கு இருந்த இரக்கம் போடியாருக்கு இருக்கவில்லை. ஒப்பரேசன் தேவையில்லை என்று என்னைக் கூப்பிட்டு, நாட்டு மருந்து செய்யும் பரிசாரி ஒருவர் முன்னால் குப்புறப் படுக்க வைத்தார். பரிசாரி இடுப்பில் மூலிகை அரைத்துப் பத்துப் போட்டுச் சீலையால் இறுக்கிக் கட்டினார். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது தோல் கொப்பளித்திருந்தது. வலி மட்டும் போட்டது போட்டபடி இருந்தது.

கொப்பளத்தைக் கொண்டுபோய்ப் போடியாரிடம் காட்டினேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார். "மருந்து வேல செய்யிது மகன். எங்கட கந்தூரி முடியட்டும், அதுக்குப் பொறகும் நொந்தா ஒப்பரேசனுக்கு நானே வாகனம் புடிச்சித் தாறன்."

சகனில் உட்கார்ந்தவர்

இரண்டாவது திகதியையும் கைவிட்டேன். மருதமுனைக் கலியாணம் வந்தது. சகன் சாப்பாடு. ஆறு பேர் பாயில் சம்மணமிட்டு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாலே என் இடுப்பு கத்தும். அதில் ஒரு பருத்த மனிதர் பொத்தென்று உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்தவருக்குத் தண்ணீர் எடுக்க, கையைத் தரையில் ஊன்றாமலே எழும்பினார், மறுபடியும் உட்கார்ந்தார். இவர் யார் என்று சலீமிடம் கேட்டேன். சாய்ந்தமருது, ஹாஜியாரின் மச்சான் என்றான்.

இறைச்சிச் சட்டியை நானே தூக்கிக்கொண்டு போனேன். ஹாஜியாருக்கு வேறு மச்சான் யாரும் உண்டா என்று கேட்டேன். நான் ஒராள்தான் என்றார். முதுகு ஒப்பரேசனைப் பற்றிக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "முதுகா? எனக்குப் பித்தப்பையில கல்லுதான் எடுத்தாங்க தம்பி, மூணாம் நாள் வீட்ட வந்துட்டன். அந்த நெஞ்செலும்ப இஞ்சால வைங்க."

சலீமின் கால்

அடுப்படிக்கு வந்த ஹாஜியாரை மறித்துக் கேட்டேன். வெட்கமே இல்லை. நல்லதுக்குத்தான் சொன்னாராம். அந்தக் கோபத்தோடு போய், அடுத்த பந்திச் சோற்றைக் கஞ்சி வடிக்கக் கிடாரத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். மறு பக்கத்தில் சலீம். இரண்டு எட்டு வைத்திருப்போம், என் வலது கால் மடங்கிவிட்டது. கொதிகஞ்சி சலீமின் காலில் கொட்டியது.

ஹாஜியார் சொன்னது பொய். போடியார் செய்தது அநியாயம். ஆனால் என் பெருவிரல் எழும்பாது என்பதைச் சலீமிடம் மறைத்தவன் நான். மூன்று பிள்ளைகளின் வாப்பா அவன். தெரிந்திருந்தால் என்னைக் கிடாரத்தில் கை வைக்க விட்டிருப்பானா? ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும்போது நான் அழுதேன். அவன் அழவில்லை. "ஒங்கட முதுகுல கத்தி படப்படா எண்டு எல்லாரும் பாத்தீங்க காக்கா. என்ட கால ஆரும் பாக்கல்ல."

மூன்றாவது திகதி

அதே கட்டடத்தில் மாடி ஏறிப் போய் மூன்றாவது திகதி வாங்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. வலி குறையும் என்று நம்பலாம், பிந்தி வந்ததால் விரலில் பலம் திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். பயமாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தத் திகதியும் வந்துவிட்டது, நாளைக் காலையில் ஒப்பரேசன். சலீமின் புண் ஆறிவிட்டது. இனி வரும் சாப்பாடெல்லாம் அவன் பொறுப்பு, கிடாரம் தூக்க இரண்டு பேரைப் பிடித்திருக்கிறான்.

வார்டில் படுத்துக்கொண்டு இதை எழுதும்போது போன் அடித்தது. மகனின் வலீமா விருந்துக்கு ஆக்கச் சொல்லியிருந்த நிந்தவூர் வாத்தியார். நாளைக்கு எனக்கு ஒப்பரேசன் என்றேன். துஆச் செய்வதாகச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். "சலீம் ஆக்கட்டும், பிரச்சினல்ல. அடுத்த கிழம ஒரு வேனுல படுக்க வெச்சாவது உங்கள கூட்டி வாறம், உப்ப மட்டும் பாத்துச் சொல்லிட்டுப் போங்க."

இருபத்திரண்டு வருசம் ஊர்ச் சோற்றுக்கெல்லாம் நானே உப்புப் பார்த்துவிட்டு, என் சொந்த முதுகுக்கு மட்டும் ஊராரை உப்புப் பார்க்க விட்டதுதான் நான் ஆக்கியதிலேயே கெட்டுப்போன சமையல்.