அவனுக்கு எந்த உண்டை

என் கணவருக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. ஒன்றைக் கையில் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எந்த மிருகத்துக்கு எந்த உண்டை என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பதினெட்டு வருடம் மஸ்கட்டில் லாரி ஓட்டிவிட்டு வந்த மனிதர், பேச்சிப்பாறைக்கு மேலே மலையடிவாரத்தில் தன் பங்குக்குக் கிடைத்த ஒன்றரை ஏக்கரில் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டார். முதல் வருடமே காட்டுப்பன்றி இறங்கி அத்தனையையும் கிளறிப் போட்டது. அன்று பிடித்ததுதான் இந்தத் தோக்குப் பைத்தியம். எங்கள் ஜில்லாவின் மேற்குப் பக்கத்தில் துப்பாக்கியைத் தோக்கு என்றுதான் சொல்வார்கள்.

நான் பூதப்பாண்டிப் பக்கத்து வயல்காரி. அவர் வெளிநாட்டில் இருந்த காலம் முழுவதும் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தேன். மலை என்பது எனக்குத் தூரத்தில் நீலமாகத் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். ஐம்பது வயதில் அதன் காலடியில் கொண்டுவந்து குடிவைத்தார். அந்தக் கோபம் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருப்பேன். செம்பில் போனைச் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்பார். பனிமலையில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள் மாட்டளவு மானைச் சுட்டுப்போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து உண்டையின் கனத்தையும் வேகத்தையும் விவரிப்பார்கள். இவருக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். எண்கள் முழுக்கப் புரியும்.

“ஏட்டி, இது முந்நூத்தி எழுவத்தஞ்சாக்கும். காட்டெருமையே விழுந்துரும்.”

“காட்டெருமையா உங்க வாழையத் தின்னுச்சு?”

சிரிக்க மாட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை. ‘பன்னிரண்டு போர்’ என்கிற தோக்கு சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அதிலிருந்து சிதறுகிற ஈயச் சில்லுகள் பன்றியின் கொழுப்பில் சிக்கி நின்றுவிடும், அது சாகாமல் சினந்து திரும்பும். முந்நூற்று மூன்று பட்டாளத்து உண்டை, நமக்குத் தரமாட்டார்கள். அமெரிக்காக்காரன் சொல்கிற முப்பது-ஆறுக்கு இங்கே தோட்டா வாங்க நாய்படாத பாடு படவேண்டும். மிஞ்சியது மூணு பதினஞ்சு. அது இந்த நாட்டிலேயே செய்வது. அது போதுமா போதாதா என்பதுதான் மாதக்கணக்கில் ஓடிய வழக்கு. எதிர்வாதி, பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுத் தக்கலையில் இருந்த அவருடைய நண்பர்.

இங்கே நினைத்தபடி பன்றியைச் சுட முடியாது, வனத்துறை ஆட்கள்தான் சுடலாம் என்று அவருக்கும் தெரியும். “அந்தால கேரளத்துல பஞ்சாயத்தே ஆளு வச்சு வெடி வைக்கு. இங்கயும் வரும். வரும்போ கையில சாதனம் வேணும்லா?” என்பார். வெடி வைப்பது என்றால் இங்கே சுடுவது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்சுக்கு மனு போட்டார். மனுவை எழுதியது நான்தான்.

வீட்டில் சிக்னல் கிடையாது. வாழைத்தோட்டத்து ஓரத்தில் ஒரு பலாமரம். அதன் அடியில் நின்றால்தான் போன் பேசலாம். ஒரு சாயங்காலம் சாயாவை எடுத்துக்கொண்டு போனேன். அவர் முதுகைக் காட்டி நின்று நண்பரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“அவன் ஒரு நூறு கிலோ வருவான் பாத்துக்கிடும். கழுத்தே கெடையாது. விடியக்காலம் ரப்பருக்குள்ள தனியாத்தான் நிப்பான், அப்பம் வைக்கணும். ஒரே வெடி. அவன் துடிக்காமப் போணும். என்ன செய்தாலும் ஒரு உயிருல்லா?”

சாயா கையில் ஆறிப்போகும் வரை நின்றேன்.

இவருடைய தம்பிக்கு நூறு கிலோவுக்குக் குறையாது. கழுத்து என்று ஒன்று இருந்ததாக எனக்கும் நினைவில்லை. தினமும் விடியும் நேரத்தில் தன் ரப்பர் தோட்டத்தில் தனியாக நின்று பால் வெட்டுவார். எங்கள் வாழைக்குப் போகிற வழி அந்த ரப்பருக்கு நடுவில்தான். பாகம் பிரித்தபோது வழியை எழுதாமல் விட்டுவிட்டார்கள். தம்பி குறுக்கே கம்பிவேலி போட்டார்; அதன் பிறகு நாங்கள் சுற்றித்தான் போய்வந்தோம். அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இவர் கெட்ட வார்த்தை சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “யாரப் பத்திப் பேசுதிய?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். நான் அரண்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் வீடியோ பார்க்கும்போதெல்லாம் அந்த மானின் இடத்தில் கொழுந்தனார் விழுந்து கிடந்தார்.

பதினைந்து நாள் கழித்து விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தார். இவர் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு குலசேகரம் சந்தைக்குப் போயிருந்தார். வந்தவர் மரியாதையான மனிதர். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“குடும்பத்துல யாருக்கும் ஆட்சேபம் உண்டுமாம்மா?”

இவர் வருகிறாரா என்று வாசல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னேன். “அவங்களுக்கும் தம்பிக்கும் வழித் தகராறு இருக்கு சார். இந்த நேரத்துல தோக்கு வேண்டாம். நான் சொன்னேன்னு மட்டும் தெரியக்கூடாது.”

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்று வயிறாரச் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. விசாரணை அறிக்கையின் பேரில் என்று ஒரே வரி. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கீழே இன்னொரு வரி. அவர் இரண்டு முறை வாசித்தார். கடிதத்தை மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தார். வீடியோ பார்ப்பது அன்றோடு நின்றது. மேல்முறையீடு என்று நான் ஒரு முறை எடுத்தபோது, “நமக்கெல்லாம் எங்க தருவான்?” என்று படுத்துவிட்டார்.

அடுத்த வாரம் விறகு பொறுக்க வேலியோரம் போனேன். கொழுந்தனார் அந்தப் பக்கம் பால் வாளியோடு நின்றார். அண்ணனோடுதான் அவருக்குப் பேச்சில்லை, என்னோடு உண்டு.

“மைனி, நேத்து அவன் உங்க வாழைக்குள்ள எறங்கினான், பாத்தியளா?”

“எவன்?”

அவர் மலைப்பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு விரல்களை வாயின் இரு ஓரத்திலும் மேல்நோக்கி நீட்டிக் காட்டினார். பன்றியின் தேற்றைப்பல்.

“வெளையில நின்னு பேரச் சொல்லப்பிடாது மைனி. சொன்னா வந்துருவான். வீட்டுல இருந்து சொல்லலாம், தோசமில்ல. அண்ணன் சொல்லித் தரல்லியா?”

சொல்லித் தரவில்லை. வீட்டில் பன்றியைப் பன்றி என்றே சொல்வார். தோட்டத்தில் கால் வைத்தால் ‘அவன்’ ஆகிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வயலில் எலியை எலி என்றோம், பாம்பைப் பாம்பு என்றோம். நூறு கிலோ, கழுத்தில்லாதவன், விடியக்காலம் ரப்பருக்குள் தனியாக நிற்பவன். துடிக்காமல் போகவேண்டும் என்று என் கணவர் இரக்கப்பட்டது ஒரு பன்றிக்காக.

“அண்ணனுக்குத் தோக்கு கிட்டல்லன்னு கேட்டேன்,” என்றார் கொழுந்தனார். “கிட்டியிருந்தா எனக்கும் ஒரு தைரியமாட்டு இருந்திருக்கும். நான் தனியால்லா நிக்கேன்.”

முப்பது நாளில் இன்னும் இருபதுக்கு மேல் மிச்சம் இருந்தது. சொல்லியிருக்கலாம். ‘நான் தப்பாக விளங்கிக்கொண்டேன், வாருங்கள், போய்த் திருத்திச் சொல்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு வாக்கியத்தைச் சொல்லவேண்டும்: ‘உங்கள் கூடப்பிறந்தவனை நீங்கள் கொல்வீர்கள் என்று நினைத்தேன்.’ முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதரிடம் அதை எந்த வாயால் சொல்வது? நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நாள் முடிந்தது. முடிந்ததில் எனக்கு ஒரு ஆறுதல் கூட இருந்தது.

மார்கழியில் ஒரு காலை, விடிந்தும் விடியாத நேரம், ரப்பருக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதச் சத்தம் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. என் கணவருக்குத் தெரிந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். கம்பிவேலியை எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்திருந்தது. நான் சுற்றிப் போய்ச் சேர்ந்தபோது தம்பியின் தலையை மடியில் வைத்து, பன்றி குத்திக் கிழித்த தொடையை அவிழ்த்த வேட்டியால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பால் பிடிக்கிற சிரட்டைகள் சிதறி, கொட்டிய ரப்பர் பாலில் ரத்தம் கலந்து ஓடியது.

“லே மக்கா, கண்ணத் தொற. லே, என்னப் பாருலே.”

ஒரு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

உயிர் பிழைத்தார். கால் பிழைக்கவில்லை. எடுக்கவில்லை, ஆனால் ஊன்ற முடியாது. இரண்டு மாதம் பெரியாஸ்பத்திரியில் கிடந்து, தோளெல்லாம் வற்றி, கழுத்து தெரியத் திரும்பி வந்தார். அவருடைய மரங்களை இப்போது என் கணவர்தான் வெட்டுகிறார். வேலியைப் பிடுங்கியாயிற்று. ஊரில் எல்லோரும் அண்ணன் தம்பி ஒற்றுமையைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் கொழுந்தனார் வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். காலை ஒரு ஸ்டூலில் நீட்டி வைத்திருந்தார். அவர்தான் பேச்சை எடுத்தார். “அண்ணே, இன்னொருக்கா மனு போடு. நீயும் இப்பம் அங்க தனியால்லா நிக்க.” படிவத்தைக் கூட வரவழைத்து வைத்திருந்தார். “மைனி எழுதட்டு. மைனிக்க எழுத்தப் பாத்தாவது தருவான்.”

எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண். எந்த வகைத் துப்பாக்கி என்ற இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தேன். முன்பு மாதக்கணக்கில் பேசின மனிதர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“மூணு பதினஞ்சு. போதும்.”

அடுத்த கட்டத்தில், முன்பு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டதா, ஆம் எனில் காரணம் என்ன என்று கேட்டிருந்தது. பேனா நின்றது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அன்னைக்கு அந்தப் போலீஸ்காரரு வரும்போ நான் வீட்டுல இருந்திருக்கணும். ஆளு இல்லாமப் போனது அவருக்குப் பிடிக்கல்ல போல. நான் இருந்திருந்தா இவனுக்கு இந்தக் கெதி வந்திருக்காது.”

“நீ ஒண்ணு. விடுண்ணே,” என்றார் கொழுந்தனார். “காரணம் தெரியாதுன்னு எழுதுங்க மைனி.”

இனி மறுபடி விசாரணைக்கு வருவார்கள். பழைய கோப்பை எடுத்து வருவார்கள். அதில் என் கையெழுத்து இருக்கும்.

‘தெரியவில்லை’ என்று எழுதினேன்.

கொழுந்தனார் தாளை வாங்கி ஊதி, மை காய்ந்ததா என்று பார்த்து, அண்ணனிடம் நீட்டினார். “பாத்தியா, அச்சடிச்ச மாதிரில்லா இருக்கு மைனிக்க எழுத்து.”