அப்பாவின் பாட்டிலும் என் செருப்பும்

இன்னைக்கு கிள்ளான்ல, ஆஸ்பத்திரி வார்டுல, செருப்பைக் கழட்டி வச்சிட்டு அப்பாவுக்குத் திருநீறு பூசப் போனேன்.

அப்பா நெஞ்சுல தண்ணி வடியப் போட்டிருக்கிற டியூப், தரையில இருக்கிற பாட்டிலுக்குப் போகுது. பாட்டில் என் செருப்பை ஒட்டி இருந்துச்சு. சாமி காரியம், மனசு கேக்கல. தூக்கி லாக்கர் மேல வைக்கப் போனேன்.

பக்கத்து பெட்ல ஒரு மலாய்ப் பெரியவர், பாக்சிக்னு கூப்பிடுவோம். அவருக்கும் அதே டியூப்தான். மூச்சு வாங்க மலாய்ல கத்தினார்: "கீழ வை! கீழ வை!"

நர்ஸ் ஓடி வந்தாங்க. "தூக்கினா தண்ணி திரும்ப நெஞ்சுக்குள்ள போயிடும் லா!"

அப்பாவைச் செக் பண்ணிட்டு, ஒண்ணும் ஆகலன்னு சொன்னப்பதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பாக்சிக்குக்கு அவர் பாஷையிலயே தெரிமா காசேன்னு நன்றி சொன்னேன். "தொழுறதுக்காக நானும் மொத நாள் தூக்கினவன்தான்"னு சிரிச்சார்.

நாளைக்கு அவருக்கு புட்டு மாயம், அதான் நம்ம இடியாப்பம், வாங்கிட்டுப் போறேன். போற வழியில பிரிக்பீல்ட்ஸ்ல எங்க நல்லா இருக்கும், சொல்லுங்க.

செருப்பைத் தள்ளி வச்சிருந்தாலே போதும்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. அம்மா சொல்லிட்டாங்க.