மலர் வாசித்த மாண்டலின்

காளவாசல் சிக்னலில் ஷேர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தபோது மலர் போன் செய்தாள். அந்த சிக்னலில் போன் பேசுவதும், கல்யாண வீட்டில் மேளக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசுவதும் ஒன்றுதான். "அடியே, என் மாண்டலின வெலைக்குக் கேக்குறாகடி!" என்று கத்தினாள். அப்புறம் தொகையைச் சொன்னாள். "எம்புட்டு?" என்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். மடியில் முருங்கைக்காய்க் கட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்து, "மனசத் தேத்திக்கங்க" என்றார்.

அந்தத் தொகைக்குக் காளவாசலில் ஒரு சந்துக்குள் வீடு ஒத்திக்குப் பிடிக்கலாம். ஒரு மாண்டலினுக்கு! அதுவும் எந்த மாண்டலின்? ஒரு பாட்டு முடிகிற வரைக்கும்கூடச் சுதி நிற்காத மாண்டலின். வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தும் எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. சொன்னால் நீங்களாவது விளக்குவீர்களோ என்றுதான் எழுதுகிறேன்.

மலரும் நானும் ஒரு காலத்தில் ஒரே பாட்டுக் கச்சேரிக் குழுவில் இருந்தோம். திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று மதுரையைச் சுற்றி எங்கே மேடை போட்டாலும் சினிமாப் பாட்டு வாசிக்கிற குழு. ராசு அண்ணன் நடத்தினார். ஆர்மோனியமும் அவர்தான், அறிவிப்பும் அவர்தான், வேன் டயர் பஞ்சரானால் கழற்றி மாட்டுவதும் அவர்தான். அந்த மாண்டலினை அவர் ரயில்வே காலனியில் வாங்கினார். ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வெளிநாட்டுக்குப் போகும்போது கட்டில், மேசையோடு சேர்த்து அதையும் விற்றது. பூசணிக்காயைப் பாதியாக அறுத்த மாதிரி முதுகு. ஓரமெல்லாம் சிப்பி பதித்து, விளக்கு வெளிச்சம் பட்டால் மினுமினுக்கும். ஆனால் கழுத்து வளைந்துவிட்டது. கம்பியை முறுக்கிச் சுதி சேர்த்துவிட்டு மூச்சு விடுவதற்குள் இறங்கிவிடும். அதை வாங்கிக்கொண்டு வந்த அன்று நாங்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். ராசு அண்ணன் மட்டும், "சத்தம் வரலன்னா என்னப்பா, சபைக்கு நெறவா இருக்குல்ல?" என்றார்.

சத்தத்துக்கு நான் இருந்தேன்.

எங்கள் ஊர் சோழவந்தான். அப்பாவுக்கு வெற்றிலைக் கொடிக்கால். அண்ணன் ஏதோ ஒரு படம் பார்த்த வேகத்தில் மதுரைக்குப் போய் ஒரு கல்கத்தா மாண்டலினை வாங்கிவந்து, விரல் வலிக்கிறது என்று ஒரே வாரத்தில் ஆணியில் மாட்டிவிட்டான். நான் எடுத்தேன். உடனே என்னைப் பெரிய மேதை என்று நினைத்துவிடாதீர்கள். ரேடியோவில் போன பாட்டைக் கம்பியில் துழாவித் துழாவிப் பிடிப்பேன். ஒன்று பிடிபட்டுவிட்டால் போதும், வீட்டில் எல்லோரும் பத்து நாளைக்கு அதையே கேட்டாக வேண்டும். "இதுக்கு ஆட்டுரல் சத்தமே தேவல" என்பாள் அம்மா. எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு வந்த ராசு அண்ணன் என் வாசிப்பைக் கேட்டுவிட்டுக் குழுவுக்குக் கூப்பிட்டார். அப்பா யோசித்து யோசித்து ஒரு நிபந்தனை போட்டார்: "வாசிக்கட்டும். ஆனா எம்மக மேடையேறி, ஊருசனம் பாக்க ஒக்காரக் கூடாது."

ஆக, மேடையில் நாற்காலி போட்டு மலர் அந்தச் சிப்பி மாண்டலினோடு உட்காருவாள். பின்னால், படுதாவுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்க் குடத்துக்கும் தகரப் பெட்டிகளுக்கும் நடுவில் நான், என் கல்கத்தா மாண்டலினோடு. முன்னால் ஒரு மைக். யாராவது கேட்டால், நான் மலருக்குத் துணைக்கு வந்த பெண். மலர் சும்மா பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று எண்ண வேண்டாம். எந்தப் பாட்டுக்கு எந்த விரல் எங்கே போகும் என்று என்னோடு உட்கார்ந்து பழகிக்கொண்டாள். தளர்த்திவிட்ட, சத்தம் வராத கம்பிமேல்தான்; ஆனாலும் ஒரு விரல் பிசகாது. சிரிப்பு வேறு. பாதிக் கைத்தட்டல் அந்தச் சிரிப்புக்கே விழும். மீதிப் பாதி எனக்கு என்று நானே வைத்துக்கொள்வேன்.

மகள் கச்சேரிக்குப் போவது ஊருக்குத் தெரியக் கூடாது என்று அப்பா என் மாண்டலினை வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவில் சொருகி, ஈரச் சாக்கைப் போட்டு மூடி, வெற்றிலை போகிற வண்டியிலேயே மதுரைக்கு அனுப்பிவிடுவார். ஈரம் பட்டால் மரம் என்னவாகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாண்டலினுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, நன்றாகத்தான் பேசியது. எப்போதும் அதில் வெற்றிலை வாசம் அடித்துக்கொண்டிருக்கும். இப்போதும் கடையில் யாராவது ஒரு கவுளி வெற்றிலையைப் பிரித்தால் எனக்குப் பசிக்கிறது; கச்சேரி முடிந்து வேனில் சாப்பிட்ட பரோட்டா ஞாபகம்.

பரவையில் ஒரு திருவிழா. நன்றாக இருட்டிவிட்ட நேரம், பாட்டு நடுவில் விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. மைக் செட் பேட்டரியில் ஓடியதால் பாட்டு நிற்கவில்லை. இருட்டில் நான்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன். மலர், யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாண்டலினை நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கலர் குடிக்கப் போய்விட்டாள். பட்டென்று விளக்கு வந்தது. நாற்காலியில் ஆள் இல்லை, மாண்டலின் மட்டும் சாய்ந்து கிடக்கிறது, சத்தமோ ஜோராக வந்துகொண்டிருக்கிறது. முன்னால் இருந்த ஒருவர், "ஏய், பேயி வாசிக்குதுடா!" என்று எழுந்தே விட்டார். ராசு அண்ணன் அசரவில்லை. மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே, இது சீமை மாண்டலின். ஒரு தடவ சாவி குடுத்தா ரெண்டு பாட்டு ஓடும்" என்றார். சனம் விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது. மலர் கையில் பாட்டிலோடு ஓடிவந்து உட்கார்ந்தாள். அந்தக் கைத்தட்டல் மலருக்கா, எனக்கா, இல்லாத அந்தச் சாவிக்கா? அன்றைக்கே எனக்குக் குழப்பம்தான்.

அப்புறம் கீபோர்டு வந்தது. ஒரே பெட்டிக்குள் மாண்டலின், புல்லாங்குழல், வயலின் எல்லாம் இருந்தன. எனக்குக் கல்யாணம் ஆனது. குழுவைக் கலைத்தபோது ராசு அண்ணன் சீமை மாண்டலினை மலருக்கே கொடுத்துவிட்டார். என்னுடையது சோழவந்தானில் கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய பாய், முறத்தோடு அதுவும் போய்விட்டது. எங்கே என்று நான் கேட்கக்கூட இல்லை. கேட்டிருக்கலாம்.

சரி, விலைக்கு வருகிறேன். மலர் சொன்னபடி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் தவறிப் பல வருஷம் ஆகிறது. அவள் ஒத்திக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் தொகையைக் கூட்டிக் கொடு, இல்லையென்றால் காலி செய் என்று நிற்கிறார். "இது வித்துச்சுன்னா இங்கயே கெடந்துருவேன்டி. இல்லாட்டி திருப்பூருக்குப் போயி மக வீட்டு மூலையில மொடங்கணும். நீ வந்து ஒரு வார்த்த மட்டும் சொல்லு" என்றாள். என்ன வார்த்தை என்று அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், என் மகன் வயசு இருக்கும். கையில் வெள்ளைத் துணியுறை மாட்டிக்கொண்டு, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மாண்டலினைத் தூக்கினார். "முன்னயெல்லாம் பழைய சாமான் கடையில கெடந்ததுங்கம்மா. இப்ப வருசா வருசம் வெல ஏறுதுங்க. எங்கூட்டுல செவுரு பூராம் மாட்டி வெச்சிருக்கேனுங்க" என்றார்.

"எல்லாத்தையும் வாசிப்பீங்களா தம்பி?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்கம்மா."

எனக்குத் தலை சுற்றியது. டவுன்ஹால் ரோட்டில் புது மாண்டலினின் விலை இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது, சுதியும் நிற்கும். அதைச் சொன்னேன். "புதுசுக்குக் கத இல்லீங்களே" என்று சிரித்தார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அது யானைக்கு. உயிரோடு இருக்கும்போது ஒரு பாட்டு பாடாத மாண்டலினுக்குமா?

மலரின் மகள் பேஸ்புக்கில் ஒரு பழைய போட்டோவைப் போட்டிருக்கிறாள். மேடையில் பட்டுச் சேலையும் கனகாம்பரமுமாக மலர், மடியில் சிப்பி மாண்டலின். அதைப் பார்த்துத்தான் இவர் வந்திருக்கிறார். "அந்தக் காலத்துல மதுரையில மேடையேறி மாண்டலின் வாசிச்ச பொம்பள, அவங்க வாசிச்ச மாண்டலின். அதுக்குத்தானுங்க இந்த வெல. வெறும் பழசுன்னா இதுல பாதி தேறாதுங்க" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தோரமாகப் பார்த்தார். "கழுத்து இவ்ளோ வளைஞ்சிருக்குதுங்களே. இதுல எப்படிங்கம்மா வாசிச்சீங்க?"

மலர் என்னைப் பார்த்தாள்.

அவரும் என் பக்கம் திரும்பினார். போனில் வீடியோவைத் தட்டிவிட்டு, "நீங்க கூட இருந்தவங்கதானுங்க? யாருங்க வாசிச்சது, எப்படி வாசிச்சாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார்.

யார் வாசித்தது என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆள் என்னிடம் கேட்கிறார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. நான்தான் தம்பி, அத்தனையும் நான்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எதிரே மலர் முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவதான் தம்பி வாசிச்சா" என்றேன். "அப்பக் கழுத்து நேராத்தான் இருந்துச்சு. வெயிலுலயும் மழையிலயும் கெடந்து இப்பிடி ஆகிப்போச்சு. இவ வாசிச்சான்னா அம்புட்டு சனமும் அசையாம நிக்கும்."

அவருக்குப் பரம திருப்தி. பேசிய தொகையைக் கொடுத்தார், மாண்டலினைப் பஞ்சுப் பெட்டியில் படுக்க வைத்துக் காரில் ஏற்றினார், போய்விட்டார்.

மலர் என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட வந்தாள். பாதி வழியில் நின்று, "ஏன்டி அப்பிடிச் சொன்ன?" என்றாள்.

"நீதானடி ஒரு வார்த்த சொல்லக் கூப்பிட்ட?"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வாசிச்சோம்னு சொல்லுவன்னு நெனச்சேன். ஒன்னய அடியோட இல்லன்னு ஆக்கிட்டியேடி."

அழ ஆரம்பித்துவிட்டாள். காரியம் ஆனவள் அழுகிறாள், இழந்தவள் முழிக்கிறேன். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அந்தத் தம்பி வீடியோவை எங்கேயோ போட்டிருக்கிறார். தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரும் மலரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்களாம். அவளும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டாள். போன வாரம் எனக்கு போன் செய்து, வெகு சாதாரணமாகக் கேட்டாள்: "ஏன்டி, சமயநல்லூர்ல கம்பி அறுந்து வெரலக் கிழிச்சு, ரத்தஞ் சொட்டச் சொட்ட முடிச்சேன்ல, அது எந்தப் பாட்டுடி?"

அது நான். என் விரல். அப்படித்தான் நினைக்கிறேன். "ஞாபகம் இல்லடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கோடு இருக்கிறது. கம்பி கிழித்ததா, வாழைப்பூ நறுக்கும்போது கத்தி பட்டதா, சொல்ல முடியவில்லை. ராசு அண்ணன் இருந்தால் கேட்கலாம்; அவர் போய்விட்டார். அப்பாவும் இல்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "கச்சேரியா? நீ அந்தப் பிள்ளைக்குத் தொணைக்குத்தான போன?" என்கிறான்.

யாரும் வேண்டாம், நாமே நினைத்துப் பார்ப்போம் என்று கண்ணை மூடி உட்கார்ந்தேன். பாட்டு கேட்கிறது, ஒரு இழை பிசகாமல் கேட்கிறது. ஆனால் படுதாவுக்குப் பின்னால் எப்போதும் கும்மிருட்டு. என் கையை நான் ஒரு நாளும் பார்த்து வாசித்ததில்லை. துணியில் ஒரு கிழிசல் இருக்கும், அதில் கண்ணை வைத்துக்கொண்டுதான் வாசிப்பேன். மேடை வெளிச்சத்தில் மலரின் விரல்கள் ஓடும். இப்போதும் எவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடினாலும் அவள் விரல்கள்தான் தெரிகின்றன.