தங்கவேல் எஸ்டேட்டுக்குத் தபால் இல்லை

போன வாரம் ஒரு வாசகர் கார்டில் என்னை வெளுத்து வாங்கியிருந்தார். "மூன்று கடிதம் போட்டேன். ஒரு வரி பதில் இல்லை. பத்திரிகையில் பேர் வந்துவிட்டால் தலைக்கனமும் கூடவே வந்துவிடுமோ?"

ஐயா, மூன்றில் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. நம்ப மாட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் இதையெல்லாம் நம்பாதவன்தான்...

எழுபதுகளின் நடுவில், குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் கிளார்க். தங்கவேல் எஸ்டேட் என்று பெயர். ஆபீசுக்குத் தபால் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. முதலாளி போடியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கி, "லெட்டர் போட்டேனே, ஏன் செய்யல?" என்பார். நான் முழிப்பேன்.

அதுகூடப் பரவாயில்லை. பேங்க் பரீட்சை எழுதிவிட்டு, மதுரை இன்டர்வியூ கடிதத்துக்காகக் காத்திருந்தேன். கொடுத்திருந்தது எஸ்டேட் விலாசம்தான். மலையை விட்டு இறங்க எனக்கிருந்த ஒரே வழி அந்தக் கடிதம்.

முதல் சந்தேகம் மொக்கையண்ணன் மேல். தினமும் கீழே போய்த் தபால் வாங்கி வருகிறவர். எழுத்து தெரியாது.

"பேர் கூப்பிட்டா வாங்கப் போறேன். கூப்பிடல. காயிதத்த நான் என்ன தின்னுப்பிட்டா வர்றேன், சார்?"

விடுவேனா? எனக்கு நானே ஆறு கார்டு எழுதினேன். தினம் ஒன்றாகப் போடியில் போடச் சொல்லி ஜீப் டிரைவரிடம் கொடுத்தேன். நாலு வந்தது, இரண்டு வரவில்லை. வராத இரண்டும் வியாழன், சனி வர வேண்டியவை. அன்றைக்கு மட்டும் கீழே என்னதான் நடக்கிறது?

அடுத்த வியாழக்கிழமை மொக்கையண்ணனோடு நானும் இறங்கினேன். தபால் நிலையம் என்றால் வழியில் உள்ள போஸ்ட்மாஸ்டர் வீட்டின் முன்னறைதான். பை வந்ததும் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார்கள், ஆட்கள் வாங்கிக்கொள்வார்கள். அன்று போஸ்ட்மாஸ்டர் இல்லை. வியாழனும் சனியும் போடிக்குப் போய்விடுவாராம். அவர் மனைவி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பேச்சியம்மா... சிலமலை ராசு..."

ஒரு நீளக் கவரை எடுத்தார். பார்த்தார். குரல் இறங்கியது.

"எங்க வீட்டுக்காரவுக எஸ்டேட்டு..."

யாரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கவரைப் பக்கத்துப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பக்கத்தில் நின்றவரிடம் போஸ்ட்மாஸ்டர் பெயரைக் கேட்டேன்.

"தங்கவேலு" என்றார்.

மொக்கையண்ணன் தலையைச் சொறிந்தார். "அவுகளுக்கும் ஒரு எஸ்டேட்டு இருக்கும்போலன்னுல்ல நெனச்சேன், சார்."

அந்தப் பெட்டியைக் கொட்டச் சொன்னேன். கூப்பிட்டும் யாரும் வாங்காத கடிதங்கள் என்று நினைத்து, கணவர் அதைத் தொடுவதே இல்லையாம். முதலாளியின் கடிதங்கள், என் இரண்டு கார்டு... எல்லாவற்றுக்கும் அடியில் பேங்க் கவர். இன்டர்வியூ முந்தாநாள் முடிந்திருந்தது.

அந்தப் பாதையில் யானை மறித்திருக்கிறது, மண்சரிவு மறித்திருக்கிறது. என் வேலையை மறித்தது ஒரு பெண் புருஷனுக்குக் கொடுத்த மரியாதை. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த அம்மா கண் கலங்கி நின்றார்.

"கூப்பிடத்தான் செஞ்சேன், சார். அந்தப் பேரு வாயில வரமாட்டேங்குது."

அடக்கிக்கொண்டு சொன்னேன். "சரிம்மா. எஸ்டேட் பேரை விடுங்க. கவர்ல என் பேரும் இருக்குல்ல? இனிமே செல்லையான்னு கூப்பிடுங்க, போதும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது எங்க மாமனாரு பேரு, சார்."

ஆகவே, வாசகரே, கோபம் வேண்டாம். எங்கள் தெருத் தபால்காரர் வீட்டில் செல்லையா என்று யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.