கண்ணாடி அலமாரியும் பஞ்சு ஆடும்

ஆரம்பப் பள்ளியில் கைவேலை வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும்: கையில் ஒட்டிய களிமண் கழுவினால் போய்விடும், பக்கத்து வகுப்புப் பொம்மைமேல் விழுந்த கண் மட்டும் போகாது. யுத்த காலத்தில் பரமத்தி வேலூர்ப் பக்கம் நான் இரண்டாம் வகுப்புக்கு வாத்தியார். மூன்றாம் வகுப்புக்குப் பொன்னுசாமி. தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரி ஒன்றே ஒன்று. இன்ஸ்பெக்டர் வருஷா வருஷம் வந்து நல்லது என்று சொல்லும் சாமான்தான் அதற்குள் போகும். என் வகுப்புச் சாமான் ஒன்று அதில் ஏற வேண்டும். எனக்கு வேறு ஆசை கிடையாது.

மண்

வாய்க்கால் மண்ணைப் பிள்ளைகளை விட்டு எடுத்துவரச் சொல்லி, ஊறவைத்து, கல் பொறுக்கி, நானே மிதித்துக் கொடுப்பேன். அப்படியும் எங்கள் பானைகள் வெயிலில் வைத்ததும் வாய் பிளக்கும். ஒரு முறை பன்னிரண்டு வைத்து ஒன்பது போயிற்று. பொன்னுசாமி வகுப்பில் ஒன்றுகூட வெடிக்காது. அவர் கையில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று பல நாள் மனம் புழுங்கினேன்.

பிறகுதான் தெரிந்தது, அவர் குயவர் வீட்டில் பிசைந்த மண்ணை வாங்கிக்கொள்கிறார். நேராகப் போய்க் கேட்கக் கூச்சம். வேறு வேலையாகப் போவதுபோல் அந்த வழியே நாலு தடவை நடந்தேன். கடைசியில் அந்த வீட்டு அம்மாளே கூப்பிட்டுச் சொன்னாள்: "அவரு கேட்டாருங்க, குடுத்தோம். நீங்க ஊட்டைப் பாத்துப் பாத்துப் போறீங்களே ஒழிய, வாயத் தொறந்து கேக்கலீங்களே சாமி."

தோரணம்

இன்ஸ்பெக்டர் வருகைக்கு இலைத் தோரணம் கட்ட நினைத்தேன். காகிதம் கிடைக்காத நாள். பழைய செய்தித்தாளில் அவரை இலைச் சாற்றைத் தேய்த்து, அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்து, இருநூறு இலை கத்தரிக்க வைத்தேன். "கட்டி வையுங்கள்" என்று சொல்லிவிட்டு, இரு வகுப்புக்கும் நடுவிலிருந்த தட்டியின் ஓட்டை வழியாகப் பொன்னுசாமி என்ன செய்கிறார் என்று பார்க்கப் போனேன். கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டேன்.

என் பிள்ளைகள் எல்லோரும் வெற்றிலைக் கொடிக்கால் வீட்டுப் பிள்ளைகள். திரும்பி வந்தால், காம்பை ஒருபுறமாக அடுக்கி, நூறு நூறாக இரண்டு கவுளி போட்டு, வாழைநாரால் இறுக்கிக் கட்டி, வாடாமல் இருக்கத் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார்கள். சாயம் எல்லாம் கரைந்து ஓடியது. "எண்ணிப் பாருங்க சார், ஒரு எலை கொறையாது" என்றாள் ஒரு சிறுமி. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பொன்னுசாமி கேட்டார்: "ஏனுங்க, சந்தைக்கு எப்பங்க அனுப்பறீங்க?"

ஆடு

அடுத்த வருஷம் களிமண் ஆடு. என் பிள்ளைகளைப் பட்டிக்கே கூட்டிப்போய் மேச்சேரிச் செம்மறி ஆட்டைக் காட்டினேன். செம்மண் நிறம், ஒட்டிய மயிர், குட்டை வால். கால் கனம் முதற்கொண்டு சரிபார்த்துச் செய்தோம். மண்ணும் இந்தத் தடவை குயவர் வீட்டு மண். வெடிக்கவில்லை.

பொன்னுசாமியோ பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து, ஒரு களிமண் உருண்டைமேல் புசுபுசுவென்று பஞ்சை ஒட்டி வைத்தார். அப்படி ஓர் ஆடு நம் ஜில்லாவில் எந்தப் பட்டியிலும் கிடையாது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இன்ஸ்பெக்டர் வந்தார், பஞ்சைத் தடவிப் பார்த்தார், என் பக்கம் திரும்பினார்: "இது ஆடு. அதென்ன, நாயா?"

மாற்றல்

பொன்னுசாமிக்கு வாழப்பாடிக்கு மாற்றல் வந்தது. அன்று எனக்கு இரண்டு வேளைச் சாப்பாடு கூடுதலாக இறங்கியது. அலமாரியில் ஏறியிருந்த பஞ்சு ஆட்டை எடுத்து, துணியில் சுற்றி, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் கிளம்பும் இடத்துக்கே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தன பேருல உங்களுக்குத்தானுங்க இது தோணுச்சு. இந்த மனசு யாருக்குங்க வரும்?"

காலியான இடத்தில் என் செம்மண் ஆட்டை வைத்தேன். நடுத்தட்டில், முகம் வாசலைப் பார்க்க. அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டர் நேராக அலமாரிக்குப் போனார். "போன தடவை இங்கே அழகாக ஒரு வெள்ளை ஆடு இருந்ததே?" என்றார். பழுது பார்க்கக் கொடுத்திருப்பதாகத் தலைமையாசிரியர் சமாளித்தார். இன்ஸ்பெக்டர் போனபின் என்னிடம் வந்து சொன்னார்: "பஞ்சு வாங்கித் தாரேனுங்க, அதே மாதிரி ஒண்ணு நீங்களே செஞ்சு வச்சிருங்க."

செய்து வைத்தேன். இப்படியாக என் கைவேலை கடைசியில் அந்தக் கண்ணாடி அலமாரியில் ஏறிவிட்டது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பொன்னுசாமி கைவண்ணமே தனி என்றார்கள்.