ஓக் முந்தினால் மழை

எங்கள் தம்பி கண்மூடி ஓராண்டு ஆகிறது. அவரை மறவாமல் கூடும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் இந்த நினைவு மலரைத் தருகிறோம். மலர் என்பதால் 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளையை அப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தம்பி மன்னாரில் எங்கள் வீட்டுக் கடைக்குட்டியாகப் பிறந்தார். அப்பாவைச் சிறுவயதிலேயே இழந்தோம். போர் மூண்டபோது தனி ஆளாக ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமில் இருந்தார். பான் நகர உணவகங்களில் கோப்பை கழுவினார். பிறகு ஒரு பேக்கரியில் இரவு வேலை நிரந்தரமாகக் கிடைத்தது. நானும் கணவரும் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது அவர் உழைப்பில்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "அதுக்கு இன்னும் டெர்மின் கிடைக்கேல்லை அக்கா" என்று, இங்கே அலுவலகங்களில் நாள் குறித்துத் தருவதைச் சொல்லிச் சிரித்து மழுப்பிவிடுவார். யார் வீட்டில் என்ன காரியம் என்றாலும் முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குபவர், கடைசி ஆளாகப் போகிறவர் அவர்தான்.

இனி நான் எழுதப்போவதை விட்டுவிடச் சொல்லி என் கணவர் கேட்டுக்கொண்டார். எனக்கு ஏலாது.

தம்பியின் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் ஒரு ஜெர்மன் அம்மா இருக்கிறார். ஓய்வுபெற்றவர், தனியாள். வீட்டெதிரே ரைன் ஆற்றுக்குப் போகும் வழியில் பக்கம் பக்கமாக நிற்கும் இரண்டு மரங்களைத் தம்பிக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். ஒன்று ஓக். மற்றது எஷ என்று இங்கே சொல்லும் மரம். அதன் இலை வேப்பிலை மாதிரி இருப்பதைப் பார்த்துத் தம்பி அதற்கு 'வேம்பு' என்று பெயர் வைத்துவிட்டார். வசந்தத்தில் ஓக் முந்தித் துளிர்த்தால் கோடை முழுக்க மழை, வேம்பு முந்தினால் வெயில் என்பது இந்த நாட்டுப் பழைய ஆட்களின் கணக்கு. இரண்டு பேரும் ஒவ்வொரு ஏப்ரலிலும் சேர்ந்து போய்ப் பார்த்து வருவார்கள். மாதா கோவில் ஒன்றுகூடலைப் பூங்காவில் வைப்பதா மண்டபத்தில் வைப்பதா என்று பான் தமிழ்ச்சனம் தம்பியிடம் கேட்கிற அளவுக்கு அது வளர்ந்தது. ஒருமுறை பூங்கா என்று சொல்லி எல்லோரும் நனைந்துபோனோம். "மரம் பிழை விடேல்லை, நாங்கள்தான் வடிவாப் பாக்கேல்லை" என்றார்.

மரம் பார்க்கட்டும், எனக்கென்ன. ஆனால் அந்த அம்மாவை அவர் 'அக்கா' என்று கூப்பிட்டார். அந்த அம்மாவும் அதுதான் தன் பெயர் என்பதுபோல "யா" என்று திரும்புவார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த உலகத்தில் என்னை அக்கா என்று கூப்பிட மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். அதிலும் பங்கா?

நான் இருப்பது டார்ம்ஸ்டாட்டில். வருடா வருடம் மரம் துளிர்க்கும் நாட்களில் ஒரு காலை, நான் வேலைக்குச் சப்பாத்துப் போடும் நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும்.

"அக்கா, ஓக் முந்தீட்டுது. குடையை எடுத்து வையுங்கோ."

"அவவோட போய்ப் பாத்திட்டு, மிச்சம் மீதியை எனக்குச் சொல்லுறாய், என்ன?"

"உங்களுக்கு எரிச்சல் அக்கா" என்று சிரிப்பார்.

போன வசந்தத்தில் அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் விடுப்பு எடுத்து வந்து, ரசம் வைத்துக் கொண்டுபோனேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அப்போது அந்த அம்மா இரண்டு கிளைகளைப் போத்தலில் வைத்துக் கொண்டுவந்தார். ஓக் கிளையில் பச்சை விரிந்திருந்தது. வேம்பின் மொட்டு கறுப்பாக மூடிக் கிடந்தது. என் ரசத்துக்கு மலராத முகம் அந்தக் குச்சிகளைக் கண்டதும் மலர்ந்தது. "அக்கா" என்றார். நாங்கள் இரண்டு பேரும் எழுந்தோம். யாரைக் கூப்பிட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோடை முடியுமுன் போய்விட்டார். அடக்கத்தன்று நல்ல மழை.

இந்த ஏப்ரலில் அந்த அம்மா என்னை அழைத்தார். போக மனமில்லாமல்தான் போனேன். தேநீர் ஊற்றிவிட்டு ஜெர்மனில் கேட்டார்: "உங்கள் தம்பி என்னை ஏமாற்றினார், தெரியுமா? வேலை முடிந்து வரும்போதே தனியாக மரத்தைப் பார்த்துவிடுவார். அங்கேயே நின்று யாருடனோ தமிழில் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துப் பேசுவார். பிறகு என் கதவைத் தட்டி, ஒன்றும் தெரியாதவர்போல என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எல்லாவற்றையும் இந்த ஜன்னலால் பார்ப்பேன். முதலில் யாருக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். அந்த ஆள்மேல் எனக்கு எவ்வளவு பொறாமை!"

"எனக்குத்தான்" என்றேன்.

அன்று அங்கேயே தங்கினேன். விடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். வேம்பு விரிந்திருந்தது, ஓக் இன்னும் மொட்டோடு நின்றது. கையில் தொலைபேசியை எடுத்துவிட்டேன். பிறகுதான் சொல்ல ஆளில்லை என்பது உறைத்தது. நிமிர்ந்தேன். ஜன்னலில் அந்த அம்மா நின்றார். வாருங்கள் என்று கையைக் காட்டினேன்.

தம்பியின் நோயில் கைகொடுத்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிப் பூசை ஒப்புக்கொடுத்த அருட்தந்தைக்கும், தம்பி வீட்டுக்குச் சாப்பாடு சுமந்து வந்த பான் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

ஆண்டுத் திருப்பலிக்குப் பிறகு மதிய உணவு ஆற்றங்கரைப் பூங்காவில். மண்டபம் எடுக்கவில்லை, குடை வேண்டாம். அங்கே நரைத்த தலையோடு ஒரு ஜெர்மன் அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டு நிற்பார். 'அக்கா' என்று கூப்பிடுங்கள். நாங்கள் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்போம்.